பேரங்காடி விரிவாக்கமும் நம் ஊர்ச் சாலையும்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கூட்டரசு சாலை 1-ஐ ஒட்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த நம் ஊரில், தாமான் (வீடமைப்புப் பகுதி) முகப்பில் உள்ள பேரங்காடி தன் தளப்பரப்பை மேலும் பாதியளவு விரிவாக்க விண்ணப்பித்துள்ளது. ஒரு கட்டடத்தால் சாலையில் எவ்வளவு நெரிசல் கூடும் என்று கணிக்கும் போக்குவரத்துத் தாக்க மதிப்பீட்டுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், ஊர்மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஐயா, கூடுதலாக எத்தனை வண்டிகள் வரும் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? (தாமான்வாசி)

பொதுப்பணி அமைச்சின் நெடுஞ்சாலைத் திட்டமிடல் பிரிவு வெளியிட்ட பயண உருவாக்கக் கையேட்டில், தளப்பரப்புக்கு இத்தனை பயணம் என்ற விகிதங்கள் உள்ளன. புதிய கட்டடத்திற்கு அவையே வழி. ஆனால் இங்கே கடை ஏற்கெனவே இயங்குவதால், அதன் வாசலில் நின்று எண்ணுவதே நம்பத்தக்கது. எடுத்துக்காட்டாக, 4,000 சதுர மீட்டர் கடைக்கு மாலை உச்ச மணியில் 320 வண்டிகள் வந்து போவதாக வைத்துக்கொண்டால், கூடுதல் 2,000 சதுர மீட்டருக்கு 160 வண்டிகள் என்று வரும். கடை பெரிதாகும்போது சதுர மீட்டருக்கான பயணம் பொதுவாகச் சற்றுக் குறையும் என்பதால், இது மேல்வரம்பை ஒட்டிய கணக்கு. புதிய பகுதியில் மரச்சாமான் கடை வராமல், காரில் இருந்தபடியே வாங்கிச் செல்லும் துரித உணவகம் வருமானால் இந்தக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். ஆகவே, எவ்வளவு பரப்பு என்று கேட்பதோடு, என்ன கடை என்றும் கேளுங்கள்.

எப்படியும் அந்தச் சாலையில் போகிறவர்கள்தானே கடைக்குள் நுழைகிறார்கள்? அவர்களைக் கழித்துவிடலாம் என்று மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகர் கூறுகிறாரே? (பகுதிநேர வேன் ஓட்டுநர்)

கழிக்கலாம், ஆனால் எந்த இடத்தில் கழிக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த 160-இல் 30 விழுக்காட்டினர் வழிப்போக்கர்கள் என்று கொண்டால், சாலைக்குப் புதிதாக வருபவை 112 வண்டிகளே. ஆனால் கடை வாசலில் திரும்புபவை முழு 160-உம்தான், ஏனெனில் வழிப்போக்கரும் வேகத்தைக் குறைத்து, திரும்பி, மறுபடியும் ஓட்டத்தில் கலக்கத்தான் வேண்டும். இந்தக் கழிப்பை வாசலுக்கும் சேர்த்துப் போட்டுவிட்ட அறிக்கைகளை நான் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கணக்கெடுப்பு மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததாம். அது போதுமா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

போதாது. வேலை வாரத்து நாள் ஒன்று தேவைதான். ஆனால் கடைத்தெருவின் உச்சம் வெள்ளி மாலையிலும் சனிக்கிழமையிலும் அமைகிறது. அதோடு நம் ஊருக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் ஊதியம் கொடுக்கப்பட வேண்டும் என்பதால், தோட்டத்துக் குடும்பங்களின் பெரிய கொள்முதல் மாதத்தின் முதல் வாரத்தையொட்டி விழுகிறது. அந்த வாரத்தை விட்டுவிட்டு மாதக் கடைசியில் எண்ணினால், கடையை அதன் மெலிந்த நாளில் அளந்ததாகவே ஆகும். பள்ளி விடும் நண்பகல் நேரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எந்தத் திருப்பத்தில் நிற்கின்றன என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முந்தைய நாளை மட்டும் கேட்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு நாள் நெரிசலுக்காக யாரும் சாலை அமைப்பதில்லை.

சந்திப்பு ‘டி’ தரத்தில் இருக்கும் என்று அறிக்கை சொல்கிறது. பயப்பட வேண்டுமா? (மளிகைக் கடைக்காரர்)

சந்திப்புகளின் தரத்தை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை எழுத்துகளால் குறிப்பார்கள்; ‘ஏ’ மிக நன்று, ‘எஃப்’ மிக மோசம். சமிக்ஞை விளக்குச் சந்திப்பில் ‘டி’ என்றால் வண்டிக்குச் சராசரியாக 35 முதல் 55 வினாடி வரை தாமதம். 80 வினாடியைத் தாண்டினால் ‘எஃப்’. ‘டி’ என்ற எழுத்து என்னை அச்சுறுத்துவதில்லை, சராசரி என்ற சொல்தான் அச்சுறுத்துகிறது. நேராகச் செல்லும் தடங்கள் தாராளமாக இருந்தால், வலதுபுறம் திரும்பும் ஒற்றைத் தடத்தின் நீண்ட காத்திருப்பு அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். ஒவ்வொரு திருப்பத்திற்கும் தனித்தனியே தாமதத்தையும் வரிசையின் நீளத்தையும் கேளுங்கள். ஒரு தடம் தன் கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிய பிறகு, சிறிதளவு கூடும் வண்டிகளும் வரிசையை மிக நீளமாக்கிவிடும்.

வாசலை இடப்பக்க நுழைவு, இடப்பக்க வெளியேற்றம் என்று மட்டும் வைத்தால் தீராதா? (இளைஞர்)

வாசலில் தீரும். வலப்பக்கம் போக வேண்டியவர்கள் அடுத்த யூ திருப்பத்தைத் தேடுவார்கள். அது பள்ளிக்கு முன்னால் இருந்தால் தொல்லை இடம் மாறுமே தவிர ஒழியாது. மோட்டார் சைக்கிளோட்டிகளோ எதிர்த்திசையிலேயே வந்துவிடுவார்கள்.

நாங்கள் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். ஆட்சேபம் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா? (தோட்டத் தொழிலாளியின் மகள்)

1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் திட்டம்) இல்லாத பகுதியில், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபத்தைக் காரணத்துடன் தெரிவிக்கலாம். சட்டம் பேசுவது உரிமையாளரைப் பற்றி, மகளே. நீங்கள் பல தலைமுறையாகக் குடியிருந்தாலும், அறிவிப்பு தோட்ட நிறுவனத்திற்குத்தான் போகும். ஆகவே அது நிர்வாகத்தின் மேசையில் கிடந்துவிடாதபடி இப்போதே கேட்டு வையுங்கள். நிறுவனத்தின் பெயரில் ஆட்சேபக் கடிதம் போகச் செய்யுங்கள். அதற்குப் புறம்பாக, உங்கள் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தையும் நேரத்தையும் வரைபடத்துடன் எழுதி, ஊராட்சி மன்றத்திற்கும், கூட்டரசு சாலை என்பதால் பொதுப்பணித் துறைக்கும், ஒரே நாளில் நேரில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள்.