ரீவியா, நெற்வேர்க்கா என்று குழம்பும் ஓர் அம்மாவுக்கு

அக்கா, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி காணாமல் மகனுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தவறிப்போன கதை முடிந்தது, விடுங்கள். இப்போது உங்கள் கேள்வி, தம்பி ரீவிப் பக்கம் போவதா, தொலைத்தொடர்பா, இல்லை போனுக்கு ஆப் செய்யப் படிப்பதா என்பது. மூன்றும் தனித்தனி வழி என்று நீங்கள் நினைப்பதுதான் சிக்கல்.

1982இல் அரச ரீவியான ரூபவாஹினி வந்தபோது கூரையில் அன்டெனா தனி, டெலிபோன் கம்பி தனி. இன்று வெள்ளவத்தையில் உங்கள் பிளாட்டுக்கு வரும் ஒரே பைபர் இழையில் டெலிபோன், இன்டர்நெட், டெலிகொம்காரரின் பியோ ரீவி எல்லாம் வருகின்றன.

தம்பியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டில் அன்டெனா போட்டு மட்ச் பார்ப்பவர் "அவுட்!" என்று கத்தி முடித்த பிறகும் நம் போனில் பந்துவீச்சாளர் ஓடி வந்துகொண்டே இருக்கிறாரே, ஏன்? போனுக்கு வரும் வீடியோவைச் சில செக்கன் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாராக வைத்திருப்பார்கள். சிக்னலுக்கு ஏற்ற துண்டை போன் கேட்டு வாங்கி, சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அதோடு, பியோ ரீவியில் ஒரு சனலை எத்தனை வீடு பார்த்தாலும் அது ஒரே ஓட்டமாக வந்து கடைசியில்தான் கிளை பிரியும். ஆப்பில் பொதுவாக ஆளுக்கொரு தனி ஓட்டம். இறுதிப் போட்டியன்று படம் சுற்றிக்கொண்டே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைக் கேட்டுத் தம்பி மேலே மேலே நோண்டினால் நெற்வேர்க்கும் புரோகிராமிங்கும் அவருக்குச் சரிவரும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்துக்கு இசட் புள்ளி கேட்பதில்லை. அதைச் செய்துகொண்டே சிஸ்கோவின் நெற்வேர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ.யும் முடிக்கலாம். பரீட்சை ஆங்கிலத்தில், அதை மட்டும் லேசாக எடுக்க வேண்டாம். கொட்டாவி விட்டுவிட்டு, போனில் எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டப் போய்விட்டால் அவருடைய மனம் கமராவிலும் எடிட்டிங்கிலும் இருக்கிறது, வற்புறுத்தாதீர்கள்.

அப்புறம், காலி வீதி நெடுக போர்ட் போட்டு, "டிஜிட்டல் மீடியா", "ஸ்மார்ட்" என்று பெயர் வைத்து லட்சக்கணக்கில் வாங்கும் டிப்ளோமாக்கள். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பட்டம் தருவது யார், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா, டிப்ளோமா என்றால் தேசிய தொழிற்றகைமையில் (என்.வி.கியூ.) எத்தனையாம் மட்டம், இவற்றுக்கு நேரே பதில் சொல்லாமல் "முதலில் பதிந்துவிடுங்கள், டிஸ்கவுண்ட் இன்றைக்குத்தான்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காசு கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.