பக்கவாத வார்டில் நர்ஸின் ஆராய்ச்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பக்கவாதத்தில் ஆராய்ச்சி என்றாலே டாக்டர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நர்ஸ் நடத்திய ஆராய்ச்சியால் நோயாளிகள் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியுமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் செவிலியர் பேராசிரியர் சாண்டி மிடில்டன் தலைமையில் நடந்த ‘க்யூ.ஏ.எஸ்.சி.’ ஆய்வு 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகள். புது மருந்து எதுவும் இல்லை. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல், இந்த மூன்றுதான். முதல் 72 மணி நேரம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பார்க்க வேண்டும், 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட் வந்தாலே பாராசிட்டமால். நம் வார்டுகளில் 100-ஐத் தாண்டினால்தான் காய்ச்சல் என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. ரத்தம் குறைந்து தவிக்கும் மூளைத் திசுவுக்கு அந்த அரை டிகிரியும் சுமை. சர்க்கரையை 1 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்த்தார்கள். 90-ஆம் நாளில் இறந்தவர்களும் பிறர் துணை தேவைப்பட்டவர்களும் இந்த முறையைப் பின்பற்றிய பிரிவுகளில் 42 சதவீதம், மற்றவற்றில் 58.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல் வார்டுகளையே பிரித்தார்கள். 3-ஆம் கட்டிலில் செய்யக் கற்றதை 4-ஆம் கட்டிலில் செய்யாதே என்று ஒரு சிஸ்டரிடம் சொல்ல முடியாதே! அதே குழு 26 அவசரப் பிரிவுகளில் நடத்திய பிந்தைய ஆய்வில் 90-ஆம் நாள் பலனில் வித்தியாசம் இல்லை. அதையும் மறைக்காமல் 2019-ல் வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்வி: விழுங்கும் சோதனை செய்த பிறகும் சிலருக்கு நிமோனியா வருகிறதே, எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் சோதனைக்கு முன்பே தவறு நடந்துவிடுகிறது. அட்மிஷனில் எழுதிய மாத்திரையை யாரோ ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுத்திருப்பார்கள். வீட்டார் பிளாஸ்க் காபியைக் கொடுத்திருப்பார்கள். சோதனை முடியும்வரை வாய்வழியாக எதுவுமே கூடாது, மாத்திரையும்தான். கட்டில் தலைமாட்டில் அட்டை மாட்டுங்கள்.

நோயாளி விழித்திருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும். வாயைச் சுத்தம் செய்துவிட்டு முதலில் டீஸ்பூனில் தண்ணீர். குரல்வளை மேலெழுந்து இறங்குவதை விரல் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் 90 மில்லி, நிறுத்தாமல். பிறகு “ஆ” என்று சொல்லச் சொல்லுங்கள். இருமலை மட்டும் எதிர்பார்த்து நிற்பதுதான் ஆபத்து. உணர்வு மங்கிய தொண்டை இருமாமலே தண்ணீரை மூச்சுக்குழாய்க்குள் விடும். குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டாலோ, மூச்சு வேகமெடுத்தாலோ, கடைவாயில் ஒழுகினாலோ தோல்விதான். பேச்சு மற்றும் விழுங்குதல் நிபுணரைக் கூப்பிடுங்கள். அதுவரை மருந்தை ஊசியாகவோ, மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப்பிலோ கொடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து நியூரோ ஐ.சி.யூ.வில் 3 ஆண்டு வேலை. ஆராய்ச்சிப் பக்கம் போக என்ன வழி?

பதில்: இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த ஓராண்டு நியூரோசயின்ஸ் நர்சிங் டிப்ளமோ ஒரு வழி, 2 ஆண்டு எம்.எஸ்சி. இன்னொரு வழி. பிஎச்.டி. எண்ணம் இருந்தால் எம்.எஸ்சி.யே நல்லது. அதற்கு முன்பே, பக்கவாதத்தின் கடுமையை மதிப்பிடும் என்.ஐ.எச்.எஸ்.எஸ். அளவீட்டில் சான்றிதழ் வாங்குங்கள். 11 அம்சங்கள், 0 முதல் 42 வரை மதிப்பெண். கையை 10 விநாடி, காலை 5 விநாடி தூக்கி வைக்கச் சொல்லி, உரக்க எண்ண வேண்டும். மனசுக்குள் எண்ணினால் அவசரத்தில் 6-லேயே நிறுத்திவிடுவோம். 8-ஆம் விநாடியில் சரியும் கை ‘நார்மல்’ என்று பதிவாகிவிடும். முதல் முயற்சிக்குத்தான் மதிப்பெண், எடுத்துக் கொடுக்கக் கூடாது.

முதல் ஆய்வுக்குத் தலைப்பு வெளியே தேட வேண்டாம். அந்த அளவீட்டின் படங்களில் கையுறையும், இரு முனை கட்டித் தொங்கும் ஊஞ்சல் படுக்கையும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தே இராத கிராமத்துப் பெரியவர் பெயர் சொல்லாவிட்டால் அது பேச்சிழப்பா, பழக்கமின்மையா? நல்ல கேள்வி இது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் தேவையா என்பதைத் தகவல் சேகரிக்கும் முன்பே வழிகாட்டியிடம் கேட்டு முடியுங்கள். சேகரித்த பிறகு வாங்கும் ஒப்புதல் செல்லாது.