தாமான் சாலையில் பறக்கும் வண்டிகள்

கேள்வி: பெரிய சாலையில் நெரிசல் என்றால் எல்லா வண்டிகளும் எங்கள் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) புகுந்து பறக்கின்றன. சாலை நேராக 400 மீட்டர் இருக்கும். வேகத்தைக் குறைக்கச் சாலைக்குக் குறுக்கே வைக்கும் ரப்பர் மேடு கடையில் விற்கிறது, அதில் நான்கு வாங்கி நாங்களே பொருத்தலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். செய்யலாமா?
– வாசகி, கெலுகோர், பினாங்கு

பதில்: வேண்டாம் சகோதரி. பொதுச் சாலையில் மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் எதையும் பதிக்கக்கூடாது. இரவில் ஒரு மோட்டார்காரர் அதில் விழுந்தால், பதித்தவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அதைவிட, அந்த மேடு வேலைக்கே ஆகாது. ஒரு முழ அகலக் குட்டை மேட்டில் மெதுவாகப் போகிறவருக்குத்தான் உடம்பு குலுங்கும். வேகமாகப் போனால் டயரும் ஸ்பிரிங்கும் அடியை விழுங்கிவிடும். உள்ளே இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. ஒழுங்காக ஓட்டுபவருக்குத் தண்டனை, பறப்பவருக்குச் சலுகை! போதாததற்கு, மழையில் ரப்பர் வழுக்கும். போல்ட் தளர்ந்து துண்டு கழன்றால் ஆணி முனை மேலே நிற்கும்.

கேட்க வேண்டியது, வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் நீளமும், நடுவில் 75 முதல் 100 மில்லிமீட்டர் உயரமும் உள்ள தார் மேடு. இங்கிலாந்தில் 1970-களில் சோதித்துப் பார்த்த வடிவம் இது. காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட நீளமானது என்பதால் வண்டி முழுவதும் ஏறி இறங்குகிறது. வேகம் கூடக் கூடக் குலுக்கலும் கூடும். 75 மில்லிமீட்டர் போதும் என்பது எங்கள் கருத்து. 100 வைத்தால் தாழ்வான கார்களின் அடி உரசும், புகார் வரும், கடைசியில் மேட்டையே பெயர்த்துவிடுவார்கள்.

ஒரே ஒரு மேடு போடுவது வீண். தாண்டியதும் ஆக்சிலேட்டரை அழுத்துவார்கள், சத்தம்தான் மிச்சம். 60 முதல் 100 மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் உங்கள் சாலைக்கு நான்கைந்து வேண்டும். முதல் மேடு முச்சந்திக்குப் பக்கத்திலேயே, வேகம் எடுக்குமுன் இருக்கட்டும். தெருவிளக்கின் கீழ் வருவது நல்லது. வளைவிலும் வீட்டு கேட்டின் முன்னும் கூடாது. லோங்காங் (சாலையோர வடிகால்) பக்கம் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் தேங்கும். அதற்கு மேல் விட்டால் மோட்டார்கள் அதில் புகுந்துவிடும். பின்னாளில் பழைய மேட்டைத் தொடாமல் சாலைக்கு மட்டும் 50 மில்லிமீட்டர் புதுத் தார் போட்டால், மிஞ்சுவது 25 மில்லிமீட்டர்தான். அப்போது மறுபடி அளந்து கேளுங்கள்.

‘வேகமாகப் போகிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் மனு கோப்பில் தூங்கும். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே 50 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கைப்பேசியில் வினாடி எண்ணி, 180-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்: 6 வினாடி என்றால் 30, 3.6 வினாடி என்றால் 50. நெரிசல் இல்லாத நேரத்தில் 100 வண்டிகளை எடுத்து, குறைந்த வேகத்திலிருந்து வரிசைப்படுத்துங்கள். 85-ஆவது வண்டியின் வேகத்தைத்தான் பொறியாளர்கள் பார்ப்பார்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் காய்ந்த சாலையில் சுமார் 14 மீட்டருக்குள் நின்றுவிடும். 50-இல் வருகிறவர் அந்தத் தூரத்தில் அப்போதுதான் பிரேக்கில் கால் வைப்பார்.

அட்டவணை, கையால் வரைந்த படம் இரண்டையும் குடியிருப்பாளர் சங்கத்தின் வழியாகக் கொடுங்கள். மேடு எந்த வீட்டின் எதிரே வருகிறதோ, அந்த வீட்டாரின் கையெழுத்தை முதலில் வாங்கிவிடுங்கள். காலி லோரி இரவில் ஏறி இறங்கும் சத்தம் அவர்களுக்குத்தான்.

கேள்வி: எங்கள் சாலையில் பஸ் ஓடுகிறது. மேடு போடலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உச்சி தட்டையான மேசை மேடு கேளுங்கள். தட்டைப் பகுதி 6 மீட்டர் இருந்தால் பஸ்ஸின் இரண்டு அச்சும் ஒரே சமயத்தில் சரிவில் மாட்டாது. அதன்மேல் நடைபாதைக் கோடும் போடலாம். பஸ் இருபுறமும் சக்கரம் வைத்துத் தாண்டிப் போகும் ‘மெத்தை’ மேடுகள் சில நாடுகளில் உண்டு. நம் ஊரில் மோட்டார்கள் அந்தச் சந்துகளில் வேகம் குறையாமல் போய்விடும், பயனில்லை.