கேளுங்கள், சொல்கிறோம்: கிராக் போட்ட நெட்வொர்க் மானிட்டர்

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஐடி பார்க்கிறேன். அறுபது கம்ப்யூட்டர், நாலு ஸ்விட்ச், இரண்டு சர்வர். லைன் எங்கே படுத்துவிட்டது என்று பார்க்க, பிரபலமான ஒரு மானிட்டரிங் சாஃப்ட்வேரை டெலிகிராமில் கிராக்கோடு (லைசென்ஸ் பூட்டை உடைக்கும் திருத்தத்தோடு) எடுத்துப் போட்டேன். அருமையாக ஓடுகிறது. போலி லைசென்ஸ் கீ தயாரிக்கும் கீஜென்னைப் பார்த்து மட்டும் ஆன்டிவைரஸ் கத்தியது. எல்லா கீஜென்னுக்கும் அது கத்துவதுதானே? நிஜமாகவே ஆபத்து உண்டா, இல்லை விற்கிறவர்கள் கிளப்பிவிடும் பயமா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: ஆபத்துதான், அதுவும் மற்ற கிராக்குகளைவிட ஒரு படி மேல். இன்ஸ்டால் செய்த கையோடு அதற்குள் என்னென்ன அடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்விட்ச்களின் எஸ்என்எம்பி கம்யூனிட்டி ஸ்ட்ரிங் (ஸ்விட்ச்சின் நிலையைக் கேட்டறியப் பாஸ்வேர்டு மாதிரி கொடுக்கும் வார்த்தை), லினக்ஸ் சர்வரின் எஸ்எஸ்ஹெச் லாகின், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, அப்புறம் விண்டோஸ் மெஷின்களை டபிள்யூஎம்ஐ (விண்டோஸ் தன் நிலையைச் சொல்லும் வசதி) வழியாகப் பார்க்க ஒரு அக்கவுண்ட். இதற்கென்று குறைந்த உரிமையோடு தனியாக ஒன்றை உருவாக்கச் சோம்பல்பட்டு எல்லா மெஷினிலும் முழு உரிமை உள்ள டொமைன் அட்மினையே கொடுத்துவிடுகிற ஆட்கள் நிறைய, நீங்களும் அதில் ஒருவரா என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆக மொத்தம், ஆபீஸின் சாவிக்கொத்து முகம் தெரியாத ஒருவன் திருத்திக் கொடுத்த புரோகிராமின் கையில் இருக்கிறது.

போதாக்குறைக்கு, அந்த ஒரு சர்வருக்கு மட்டும் ஃபயர்வாலில் எல்லாப் பக்கமும் வழி திறந்துவிட்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் மானிட்டரிங் நடக்காது. வேறு எந்த மெஷினாவது நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லா ஐபியையும் தட்டிப் பார்த்தால் சந்தேகம் வரும். இது தட்டினால் அதன் வேலையைத்தானே பார்க்கிறது என்று விட்டுவிடுவோம்.

கீஜென் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி உண்மை. கீஜென் என்பதற்காகவே 'ஹேக்டூல்' என்று மடக்குகிற ஆன்டிவைரஸ்கள் உண்டு. அது சும்மா கத்தும் என்ற அந்த நினைப்பைத்தான் கிராக் பரப்புகிறவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். கூட வந்த ரீட்மீ இருந்தால் மறுபடி திறந்து படியுங்கள். அநேகமாக இப்படித்தான் இருக்கும்: ஆன்டிவைரஸை ஆஃப் செய், ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷனில் சேர், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடு, ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று விண்டோஸ் பார்க்கும் ஃபைல்) இந்த வரிகளை ஒட்டு. உள்ளே நுழைய நினைப்பவன் தானே செய்ய வேண்டிய வேலையை உங்களை விட்டே செய்ய வைக்கிறான். ரெட்லைன், விடார், லூமா போன்ற பாஸ்வேர்டு திருடிகள் பரவிய முக்கிய வழிகளில் ஒன்று இந்த கிராக் சாஃப்ட்வேர்தான். 2025 மே மாதம் லூமாவின் தளங்களை முடக்கியபோது, இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

அந்த ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் நோட்பேடில் திறந்து பாருங்கள். 127.0.0.1 (அதே கம்ப்யூட்டரையே குறிக்கும் முகவரி) என்று போட்டு, பக்கத்தில் தயாரித்த கம்பெனியின் லைசென்ஸ் சர்வர் பெயர் இருக்கலாம். லைசென்ஸ் சோதனையோடு சேர்த்து அப்டேட்டும் அங்கேயே நின்றுபோகலாம், நின்றால் ஓட்டைகளை அடைக்கும் திருத்தமும் வராது. பிஆர்டிஜி என்ற மானிட்டரில் அட்மினாக நுழைந்தவர் சர்வரிலேயே கட்டளை ஓட்ட வழிவிடும் ஓட்டை ஒன்று இருந்தது, 2018-இல் 18.2.39 பதிப்பில் அடைத்தார்கள். தாக்குதலில் பயன்படுகிற ஓட்டைகள் என்று அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா வைத்திருக்கும் பட்டியலில் அதே ஓட்டை 2025 பிப்ரவரியில் சேர்ந்தது. ஏழு வருஷம் கழித்தும் பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? வாட்ஸ்அப் கோல்டு (நம் வாட்ஸ்அப் இல்லை, இதுவும் ஒரு நெட்வொர்க் மானிட்டர்) கதை இதைவிட வேகம். 2024 ஆகஸ்ட் 16-இல் பேட்ச் வந்தது, 30-ஆம் தேதி ஒருவர் அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார், சில மணி நேரத்தில் தாக்குதல் ஆரம்பித்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவருக்கே இரண்டு வாரம்தான் அவகாசம் கிடைத்தது.

கேள்வி: கிராக்கை வைரஸ்டோட்டலில் (ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதிக்கும் தளம்) போட்டுப் பார்த்தேன், சுத்தம் என்று வந்தது. அப்புறம் என்ன? (வாசகி, மதுரை)

பதில்: எதைப் போட்டீர்கள்? பாஸ்வேர்டு வைத்த ஜிப்பை அப்படியே போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, கிராக்குகளை பாஸ்வேர்டு போட்டுக் கொடுப்பதே பெரும்பாலும் இதற்காகத்தான். இன்னொரு தந்திரமும் உண்டு. அங்கே 650 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது என்பதால், சின்ன வைரஸ் ஃபைலில் வெறும் பூஜ்யங்களை அடைத்து அதைவிடப் பெரிதாக ஊதிவிடுவார்கள். ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் (தயாரித்த கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து) பகுதியையும் பாருங்கள். கிராக் செய்த ஃபைலில் அது காணாமல் போயிருக்கும், அல்லது செல்லாது என்று வரும். எந்த பைட்டை எதற்காக மாற்றினார்கள் என்பது மாற்றியவனுக்குத்தான் வெளிச்சம்.

கேள்வி: சோலார்விண்ட்ஸில் அசல் சாஃப்ட்வேரே வைரஸோடு வந்ததே? அப்புறம் காசு கொடுத்து என்ன பிரயோஜனம்? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: நியாயமான கேள்வி, இதைக் கேட்டுவிட்டு கிராக் பக்கம் போகிறவர்கள் நிறைய. சோலார்விண்ட்ஸ் கம்பெனியின் ஓரியன் என்ற நெட்வொர்க் மானிட்டர் தயாராகும் இடத்துக்குள்ளேயே ஊடுருவி, 2020 மார்ச் முதல் வந்த அப்டேட்களில் ஒரு பின்கதவை வைத்துவிட்டார்கள், கம்பெனியின் அசல் டிஜிட்டல் கையெழுத்தோடே அது வெளிவந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் இறக்கிக்கொண்டார்கள். பின்கதவு இரண்டு வாரம் வரை சும்மா படுத்திருந்துவிட்டுத்தான் வெளியே பேச ஆரம்பித்தது, அதனால் போட்டதும் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்ற பேச்செல்லாம் எடுபடாது. ஆனால் டிசம்பரில் குட்டு உடைந்ததும் எந்தெந்தப் பதிப்பில் பிரச்சினை என்ற பட்டியல் வந்தது, திருத்தம் வந்தது, அரசு அலுவலகங்கள் ஓரியனை உடனே கழற்றும்படி சிசா அவசர உத்தரவே போட்டது. உங்கள் கிராக்கில் பின்கதவு இருந்தால் யார் மெயில் அனுப்புவார்கள்? அதோடு, அங்கே நுழைய ரஷ்ய உளவுத் துறையே மெனக்கெட வேண்டியிருந்தது என்று அமெரிக்க அரசு சொல்கிறது. டெலிகிராம் ஃபைலில் வைக்க அவ்வளவு பெரிய ஆள் வேண்டாம்.

கேள்வி: ஒரு வருஷமாக ஓடுகிறது. இப்போது பயமாக இருக்கிறது. அன்இன்ஸ்டால் செய்தால் போதுமா? (வாசகர், கோவை)

பதில்: போதாது. முதலில் அந்த மெஷினின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், ஏதாவது நடந்திருந்தால் தடயம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும், டிஸ்க்கின் முழு நகலாக ஒரு இமேஜ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு சுத்தமான மெஷினில் உட்கார்ந்து, அந்த சாஃப்ட்வேருக்குக் கொடுத்த எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். டொமைன் அட்மின், எஸ்எஸ்ஹெச் கீ, விபிஎன், டேட்டாபேஸ், பேக்கப் சர்வர், எதையும் விட வேண்டாம். கம்யூனிட்டி ஸ்ட்ரிங் இன்னும் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்றே இருந்தால் இதுதான் நேரம், கருவி இடம் கொடுத்தால் எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்புக்கே போய்விடுங்கள், பழைய பதிப்புகளில் அந்த வார்த்தை வயரில் அப்படியே படிக்கும்படி போகிறது. கீஜென்னை உங்கள் லேப்டாப்பில் ஓட்டியிருந்தால், பிரவுசரில் சேமித்த பேங்க், ஜிஎஸ்டி, மெயில் பாஸ்வேர்டுகளும் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். டொமைனில் புதிதாக முளைத்த அட்மின் யூசர், ஷெட்யூல்டு டாஸ்க், ஃபயர்வால் லாகில் புரியாத வெளிநாட்டு ஐபி, இதையெல்லாம் பாருங்கள். ஊடுருவல் உறுதியானால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசின் சைபர் அவசர உதவி அமைப்பு) தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. இமேஜ் பத்திரமான பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடலாம்.

கேள்வி: முதலாளி காசு தர மாட்டார். வழி? (வாசகர், ஈரோடு)

பதில்: காசே வேண்டாம், ஜாபிக்ஸ் என்ற மானிட்டர் முழுக்க இலவசம். கற்றுக்கொள்ள ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், மறுக்கவில்லை. ஸ்விட்ச், ரவுட்டர் மட்டும்தான் என்றால் லிப்ரெஎன்எம்எஸ் என்ற இன்னொரு இலவச மானிட்டர் இன்னும் சுலபம். பிஆர்டிஜியே 100 சென்சார் (கண்காணிக்கிற ஒவ்வொரு விஷயமும் ஒரு சென்சார்) வரை இலவசம்தான், ஆனால் 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றில் போர்ட்டுக்கு ஒன்று வைத்தாலே கால்வாசி காலி. எதைப் போட்டாலும் கூடவே வரும் அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள், இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். முதலாளியிடம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவையும் காட்டலாம்: திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கேள்வி: வயர்ஷார்க் ஃபுல் வெர்ஷன் கிராக் எங்கே கிடைக்கும்? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துப் பார்க்கும் வயர்ஷார்க்கே இலவசம்தான். 1998-இல் ஈத்தரீல் என்ற பெயரில் வந்த நாளிலிருந்தே. அதற்கு கிராக் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், உள்ளே வயர்ஷார்க் இல்லாத வேறு ஏதோ இருக்கிறது. அதிகாரபூர்வத் தளத்திலேயே இறக்கிக்கொள், கூகுளில் மேலே வரும் விளம்பரத்தை மட்டும் அழுத்தாதே. அட்வான்ஸ்டு ஐபி ஸ்கேனர் மாதிரியான கருவிகளின் பெயரில் போலித் தளம் போட்டு, கூகுள் விளம்பரம் கொடுத்தே 2024-இல் ஒரு கும்பல் ஐடி ஆட்களுக்கு வலை விரித்தது.