திறன் தேர்வுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: பி.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன். வீட்டிலிருந்தே ஆங்கிலக் கட்டுரைகள் எழுதித் தரும் ஃப்ரீலான்ஸ் வேலை தேடுகிறேன். ஒரு தளத்தில் பணம் கட்டி ஆன்லைன் தேர்வு எழுதினால் புரொஃபைலில் பேட்ஜ் வருமாம். இன்னொரு நிறுவனம், 1,500 சொற்களில் ஒரு 'டெஸ்ட்' கட்டுரையை இலவசமாக எழுதித் தரச் சொல்கிறது. எதைச் செய்யட்டும்? – வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

முதலில் பேட்ஜ். ஃப்ரீலான்ஸ் வேலைகள் கிடைக்கும் அப்வொர்க் தளத்தில் ஒரு காலத்தில் இலக்கணம், எழுத்துப்பிழை என்று வகைவகையாகத் தேர்வுகள் இருந்தன. 2019-ல் அவற்றை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு லிங்க்ட்இன் கொண்டுவந்த திறன் தேர்வுகளும் 2023-ல் நின்றுபோயின. இவையெல்லாம் நான்கு விடைகளில் ஒன்றை டிக் செய்கிற தேர்வுகள். பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியும் என்று காட்டலாம், அவ்வளவுதான். எழுதவைத்துப் பார்க்காமல் எழுதத் தெரியுமா என்று எப்படித் தெரியும்? வேலை கொடுப்பவர் முதலில் திறந்து பார்ப்பது உங்கள் மாதிரிக் கட்டுரைகளைத்தான். அந்தப் பணத்தையும் நேரத்தையும் நல்ல மாதிரிகள் இரண்டு மூன்று தயார்செய்வதில் போடுங்கள்.

இலவசத் தேர்வு கிடைத்தால் எழுதிப் பாருங்கள், ஆனால் மதிப்பெண்ணுக்காக அல்ல. எங்கே தப்பாகிறது என்று கவனியுங்கள். நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம். அமெரிக்கத் தேர்வில் 'கலர்' என்ற சொல்லில் 'யு' போட்டால் பிழை. 'இட்லி, தோசை அண்ட் பொங்கல்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது 'அண்ட்'டுக்கு முன்னால் கமா வருமா? செய்தி ஊடகங்கள் பின்பற்றும் ஏபி நடையில் (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் எழுத்து விதிகள்) பொதுவாக வராது. புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ நடையில் வரும். எண்களிலும் இதே கதை: ஏபி நடையில் 10 முதல் இலக்கத்தில் எழுத வேண்டும், சிகாகோவில் பொதுவாக நூறு வரை எழுத்தில். இப்படிப்பட்ட கேள்வியில் மதிப்பெண் போனால் உங்கள் ஆங்கிலம் மோசம் என்று அர்த்தமில்லை. எந்த வேலையை எடுத்தாலும், தொடங்குவதற்கு முன் "எந்த நடை?" என்று கேட்டுவிடுங்கள். புதியவர்கள் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்பவரைத்தான் தொழில் தெரிந்தவராகப் பார்ப்பார்கள்.

அடுத்து டெஸ்ட் கட்டுரை. 200, 300 சொற்களில் ஒரு பத்தி கேட்டால் நியாயம், எழுதித் தரலாம். 1,500 சொல் என்பது அப்படியே வெளியிடக்கூடிய முழுக் கட்டுரை. அதைச் சும்மா கேட்பது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. அப்வொர்க் விதிகளே இலவச வேலை கேட்பதைத் தடைசெய்கின்றன. இப்படிப் பதில் அனுப்புங்கள்: "என் மாதிரிக் கட்டுரைகளை இணைத்திருக்கிறேன். உங்கள் தலைப்பில் 250 சொற்கள் எழுதிக் காட்டுகிறேன். முழுக் கட்டுரை வேண்டுமென்றால் கட்டணம் இவ்வளவு." இதற்கு நேர்மையான நிறுவனம் கோபப்படாது.

உங்களைத் தேர்ந்தெடுக்காமலேயே, நீங்கள் எழுதிக் கொடுத்த மாதிரியை அவர்கள் வெளியிட்டுவிட்டால்? சுதந்திரமாக எழுதுபவரின் படைப்புக்கு அவரே முதல் உரிமையாளர் என்பதுதான் 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் பொது விதி. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்து வடிவில் உங்கள் கையொப்பம் வேண்டும். ஆகவே எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று வரி விடாமல் படியுங்கள்.

அப்புறம் ஒன்று. இப்போது டெஸ்ட் கட்டுரைகளை, ஏஐ எழுதியதா என்று கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கருவிகள் தவறாகவும் சொல்லும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படிப்பட்ட தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. கூகுள் டாக்ஸிலேயே தொடக்கத்திலிருந்து எழுதுங்கள். கட்டுரை எப்படி வளர்ந்தது என்பது 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பதிவாகியிருக்கும், சந்தேகப்பட்டால் காட்டலாம்.

பதிவுக் கட்டணம் என்றோ, தேர்வில் துல்லியம் குறைந்ததற்கு அபராதம் என்றோ யாராவது பணம் கேட்டால் அது மோசடி. வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டினாலும் பயந்து பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.