முதல் லாக்பிக்கிங் செட்: 30 கருவியா, ஐந்தா?

கேள்வி: சாவியில்லாமல் பூட்டைத் திறக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. பொழுதுபோக்குக்குத்தான். ஆன்லைனில் தேடினால் 30 கருவி, உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பூட்டு, ஜிப் வைத்த பை எல்லாம் சேர்த்து ஒரு செட் வருகிறது. கிட்டத்தட்ட அதே விலைக்கு இன்னொருவர் வெறும் ஐந்தாறு கருவிதான் தருகிறார். எதை வாங்குவது?

பதில்: ஐந்தாறு இருக்கிறதை வாங்குங்கள்.

நானும் முதலில் 24 உருப்படி கொண்ட ஒரு செட்டைத்தான் வாங்கினேன். பையைத் திறந்தால் அறுவை சிகிச்சை செய்யப்போகிற டாக்டர் மாதிரி ஒரு பெருமை. ஆறு மாசத்தில் உருப்படியாகக் கையில் எடுத்தது இரண்டே இரண்டு கருவிதான், அதிலும் ஒன்றின் நுனி மூன்றாம் வாரமே வளைந்து, அதை நிமிர்த்தப் போய் ஒடிந்து, பூட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

ஏன் இவ்வளவு குறைவாகப் போதும் என்பது பூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் புரிந்துவிடும். நாம் பார்க்கிற பெரும்பாலான பூட்டுகள் பின் டம்ளர் வகை (குடிக்கிற டம்ளர் இல்லை), 1860களில் லினஸ் யேல் ஜூனியர் காப்புரிமை வாங்கிய அதே அமைப்பு. சாவி நுழைகிற உருளைக்கு மேலே நாலைந்து துளைகள், ஒவ்வொன்றிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பின், அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சரியான சாவியைப் போட்டால் ஒவ்வொரு ஜோடியும் பிரிகிற இடம் உருளையின் விளிம்புக்குச் சரியாக வந்து நிற்கும், உருளை திரும்பும். ஆனால் எந்தத் தொழிற்சாலையிலும் அந்தத் துளைகளை மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் போட முடியாது. அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லா பின்னும் ஒன்றாக இறுகாமல் ஏதாவது ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தேடிப் பிடித்து மெல்லத் தூக்கினால் விரலில் ஒரு சின்ன 'டிக்', அப்புறம் அடுத்தது இறுகும், அதைத் தேட வேண்டும். ஆக உங்களுக்கு வேண்டியது திருப்பிப் பிடிக்க ஒன்று, தூக்க ஒன்று.

தூக்குவதற்குக் குட்டைக் கொக்கி ஒன்று, அதைவிடக் கொஞ்சம் உயரமான கொக்கி ஒன்று. இழுத்துப் பார்த்து விளையாட அலை அலையாக வளைந்த ரேக் ஒன்று இருந்தால் சந்தோஷம். தகட்டின் தடிமனைக் கட்டாயம் பாருங்கள். விற்பவர்கள் அதை அங்குலத்தில் 0.025, 0.015 என்று போடுவார்கள், அதாவது ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டரும் 0.4 மில்லிமீட்டரும். ஆரம்பத்துக்கு முதல் வகை, சாவித்துளை ஒடுக்கமான பூட்டுகளுக்கு இரண்டாவது. விவரத்தில் தடிமனும் போடாமல், எஃகின் ரகமும் (301, 420 மாதிரி) போடாமல், 'உயர்தர ஸ்டீல்' என்று மட்டும் எழுதியிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் திருப்பிப் பிடிக்கிற கம்பி, டென்ஷன் ரெஞ்ச் என்பார்கள். மலிவு செட்களில் 'எல்' வடிவத்தில் ஒரு மெல்லிய கம்பியைப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். அது சாவித்துளையின் அடிப்பகுதியில் உட்கார்ந்து பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், அப்புறம் கொக்கி எங்கே நுழையும்? துளையின் மேல் விளிம்பில் சிக்கென்று பிடிக்கிற தட்டையான வகை இருக்கிறது. 1 மில்லிமீட்டரில் ஒன்றும் 1.3 மில்லிமீட்டர் வாக்கில் ஒன்றும் இருந்தால் நிறையப் பூட்டுகளைச் சமாளிக்கலாம். செட்டில் அது இல்லை என்றால் தனியாக வாங்கிவிடுங்கள், கொக்கியில்கூடச் சமரசம் செய்யலாம், இதில் கூடாது.

கையில் வந்ததும் கொக்கியின் விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டினால் பூட்டுக்குள் பின்னிலும் அப்படித்தான் தட்டும், அந்தச் சொரசொரப்பில் 'டிக்' காணாமல் போய்விடும். 600 நம்பர் உப்புத்தாளும் பிறகு 1000 நம்பரும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்.

கேள்வி: அந்த பிளாஸ்டிக் பூட்டு பழகுவதற்கு உதவாதா?

பதில்: உள்ளே என்ன நகர்கிறது என்று கண்ணால் பார்க்க ஒரு சாயங்காலத்துக்கு உதவும், அவ்வளவுதான். துளைகள் தொளதொளவென்று இருக்கும், எப்படிக் குத்தினாலும் திறந்துகொள்ளும். அதைத் திறந்த தெம்பில் நிஜப் பூட்டைக் கையில் எடுத்தால் அழுகைதான் வரும். கொஞ்சம் காசை ஒதுக்கி நாலு நிஜப் பூட்டில் போடுங்கள். தகடுகளை அடுக்கிச் செய்த மாஸ்டர் லாக் 3 பலருக்கும் முதல் பூட்டு, நாலே பின், தந்திரம் எதுவும் இல்லை. அதே கம்பெனியின் பித்தளைப் பூட்டு 140-இல் இடுப்பு சிறுத்த ஸ்பூல் பின்கள் வரும், உருளை கொஞ்சம் திரும்பித் திறந்துவிட்ட மாதிரி ஏமாற்றும். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல செட் என்று கேட்டு விசாரித்துத்தான் வாங்கினேன். இரண்டு வாரமாகியும் ஒரு பூட்டும் மசியவில்லை. திருப்பி அனுப்பிவிடவா?

பதில்: அனுப்பாதீர்கள். கருவிமேல் தப்பிருக்காது, நீங்கள் அழுத்திப் பிடிக்கிறீர்கள். ரெஞ்சைப் பிடித்திருக்கிற விரல் நகம் வெளுத்தால் அழுத்தம் ஜாஸ்தி என்று அர்த்தம், அதில் பாதி போதும், அதிலும் பாதி போதும். திறக்கவே முடியாது என்று பேர்வாங்கிய பிரமா (Bramah) கம்பெனிப் பூட்டை 1851இல் லண்டனில் திறந்துகாட்டிய அமெரிக்கப் பூட்டு நிபுணர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸுக்கே 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது, உங்களுக்கு இரண்டு வாரமெல்லாம் ஒரு கணக்கா?

கேள்வி: துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தினால் திறக்கிற கருவியும், பர்ஸில் வைக்கிற கார்டு வடிவ செட்டும் விற்கிறார்களே?

பதில்: முதலாவது உங்களுக்கு எதையும் கற்றுத்தராது. இரண்டாவது பிடிப்பதற்கே வாகாக இருக்காது. வேண்டாம்.

கேள்வி: இதையெல்லாம் வைத்திருந்தால் சட்டப் பிரச்சினை வருமா? வீட்டுக் கதவில் பழகலாமா?

பதில்: அந்தந்த நாட்டைப் பொறுத்தது. ஜப்பானில் 2003இல் வந்த சட்டப்படி தொழில் மாதிரி தகுந்த காரணம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், வேறு சில இடங்களில் பிரச்சினை நோக்கத்தைப் பொறுத்தது. ஆர்டர் போடும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள், பையில் போட்டுக்கொண்டு வெளியே சுற்றவும் வேண்டாம். பூட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும், அதுவும் தினமும் பயன்படுத்துகிற பூட்டாக இருக்கக் கூடாது. கதவுப் பூட்டின் உருளையை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டால் மேலே இருக்கிற பின்கள் சாவித்துளையின் அடிப்பக்கம் வழியாக இறங்கிச் சிக்கிக்கொள்ளலாம், அப்புறம் உங்கள் சொந்தச் சாவியே உள்ளே போகாது. பூட்டு ரிப்பேர்காரர் வந்து நிற்கும்போது, என்ன செய்தீர்கள் என்று அவரும் கேட்பார், வீட்டில் இருப்பவர்களும் கேட்பார்கள்.