‘சார்ஜ்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை பொருள்களா? எப்படிப் பிரித்தறிவது?

காவல்துறை ஒருவரைச் ‘சார்ஜ்’ செய்தது, கடைக்காரர் நூறு ரூபாய் ‘சார்ஜ்’ செய்தார், கைப்பேசியைச் ‘சார்ஜ்’ செய்தேன் என்று மூன்று வாக்கியங்களைத் தந்து, இவற்றுக்குள் என்ன உறவு என்று கேட்டிருக்கிறீர்கள். உறவு இருக்கிறது. ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதே என் வேலை என்பதால் இந்தச் சொல்லோடு அன்றாடம் பழகுகிறேன்.

வண்டியைக் குறிக்கும் ‘கர்ரஸ்’ என்ற லத்தீன் சொல்தான் இதன் வேர். வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சரக்கைக் குறிக்கும் ‘கார்கோ’வும் அதே குடும்பம். பாரம் என்ற அடிப்பொருளைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒருவர் மேல் குற்றத்தை ஏற்றலாம், கடமையை ஏற்றலாம், செலவை ஏற்றலாம். தமிழில் ‘சுமத்து’ என்ற வினையை எண்ணிப் பாருங்கள். பழி சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம். நாம் ஒரே வினையால் செய்வதைத்தான் ஆங்கிலமும் செய்கிறது. துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதற்கும் இதே சொல் இருந்தது. 1740களில், மின்சாரத்தைச் சேமிக்கும் கண்ணாடிக் கலமான லேடன் ஜாடியில் மின்சாரத்தைச் சேர்த்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் அதற்கும் இச்சொல்லையே பயன்படுத்தினார். உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

பாய்ந்து தாக்குதல் என்ற பொருளை மட்டும் தனியாக மனத்தில் வையுங்கள். 1854இல் பாலக்லாவா போரில் பிரிட்டிஷ் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தது இவ்வகை. சுழற்பந்தை இறங்கி வந்து அடிக்கும் பேட்ஸ்மேன் ‘சார்ஜ்டு டவுன் த பிட்ச்’ என்று வர்ணிக்கப்படுவதும் இதுவே. நம்முடைய ‘லத்தி சார்ஜ்’ இந்திய ஆங்கிலம். இங்கிலாந்தில் ‘பேட்டன் சார்ஜ்’ என்பார்கள். தமிழில் தடியடி என்று அழகாகவே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் அகராதிப் பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்தில் நிற்கும் சிறு சொற்களைக் கவனியுங்கள், பொருளைத் தீர்மானிப்பவை அவையே. ‘சார்ஜ்டு வித்’ என்றால் பின்னால் குற்றத்தின் பெயர் வரும். ‘சார்ஜ்டு ஃபார்’ என்றால் பெரும்பாலும் பணம் பற்றிய பேச்சு. இவற்றைவிட நுட்பமானது ஒன்று உண்டு. ஒரு செவிலியர் குழந்தைக்கு ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பு செவிலியருடையது. குழந்தை செவிலியரின் பொறுப்பில் இருக்கிறது என்று திருப்பிச் சொல்ல வேண்டுமானால் ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்று எழுத வேண்டும். நடுவில் ஒரு ‘த’ நுழைந்ததும் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் இடம் மாறிவிடுகிறார்கள்! தேர்வுகளில் இதைக் கேட்டால் வியப்பில்லை.

பணம் என்று வந்துவிட்டால் ஓர் எச்சரிக்கை. பேச்சில் ‘பஸ் சார்ஜ்’ என்கிறோம். ஆங்கிலத்தில் பயணக் கட்டணம் ‘ஃபேர்’, பள்ளிக்குக் கட்டுவது ‘ஃபீஸ்’, சுங்கச்சாவடியில் ‘டோல்’. ‘சர்வீஸ் சார்ஜ்’, ‘டெலிவரி சார்ஜ்’, ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ ஆகியவை இயல்பான சேர்க்கைகள்.

நீதிமன்றச் செய்திகளில்தான் அதிகக் கவனம் தேவை. காவல்துறை தாக்கல் செய்வது ‘சார்ஜ் ஷீட்’, அதாவது குற்றப்பத்திரிகை. அதைப் பரிசீலித்து நீதிமன்றம் செய்வது ‘ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜஸ்’, குற்றச்சாட்டுப் பதிவு. இரண்டும் வெவ்வேறு கட்டங்கள். ‘ஃபைல்’ காவல்துறைக்கு, ‘ஃப்ரேம்’ நீதிமன்றத்துக்கு என்று வினையோடு சேர்த்தே படித்தால் குழப்பம் வராது. ‘ட்ராப் சார்ஜஸ்’ என்பது குற்றச்சாட்டைக் கைவிடுவது.

இறுதியாக ‘டிஸ்சார்ஜ்’. ஏற்றிய பாரத்தை இறக்குவது. நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதும், மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு இத்தனை கன அடி நீர் வெளியேற்றப்படுவதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். நீதிமன்றத்தில் இதற்குத் தனிப் பொருள்: விசாரணைக்குப் போதிய முகாந்திரம் இல்லை என்று, குற்றச்சாட்டுப் பதிவுக்கு முன்பே ஒருவரை வழக்கிலிருந்து விடுவிப்பது. சாட்சி விசாரணை முடிந்து குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தால் அது ‘அக்விட்டல்’, விடுதலை. இரண்டையும் ‘விடுதலை’ என்றே எழுதினால், தொடங்காத விசாரணை நடந்து முடிந்ததாக வாசகர் நம்பிவிடுவார்.